ஏரி சாய்ந்த மூன்று நாள்

அணையின் உட்சுவரில், நீருக்குள் இறங்கும் படிக்கட்டின் ஓரமாக, முப்பது அடி உயரமுள்ள இரும்புப் பலகை ஒன்று செங்குத்தாகப் பதிந்து நிற்கிறது. வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்புக் கோடுகள்: அடிக்கு ஒரு நெடுங்கோடு, அங்குலத்துக்கு ஒரு குறுங்கோடு. நாள்தோறும் காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நாற்பத்தொன்பது வயதுள்ள பெண்மணி ஒருவர் அந்தப் படிகளில் இறங்கிப் பலகையின் எதிரே நிற்பார். நீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதைப் பதிவேட்டில் எழுதுவார், படியேறி வருவார். சொல்லப்போனால் வேலை அவ்வளவே. அந்த எண் தொலைபேசி வழியாக அலுவலகத்துக்குப் போகும். அதைக் கொண்டே மதகு திறக்கும், மூடும். நகரத்துக் குழாய்களில் நீர் வரும் நேரம் கூடும், குறையும். ஊரார் அவரை அளவுக்காரம்மா என்று அழைத்தார்கள்.

நீர் ஒரு கோட்டில் நிற்கும் பொருளன்று. காற்றில்லாத நாளிலும் அது உறங்கும் உயிரின் மார்புபோல ஏறி இறங்கும். காற்றடிக்கும் நாளிலோ ஓர் அலை பதினெட்டைத் தொடும். அடுத்தது பதினேழரைக்குச் சரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எதை எழுதுவது என்று திகைத்து நின்ற அளவுக்காரம்மா, பிறகு தாமே ஒரு முறையைக் கண்டார். பத்து அலைகளின் உச்சியைப் பார்ப்பார். பத்து அலைகளின் பள்ளத்தைப் பார்ப்பார். இரண்டுக்கும் நடுவை எழுதுவார். எண்ணிக்கை தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. கொட்டும் மழையிலும் இருபது அலைகளை எண்ணி முடிக்காமல் அவர் படியேறியதில்லை. "காத்து என்ன ஆட்டம் ஆடினாலும் என் கணக்குல மண்ணைப் போட முடியாது" என்று சொல்லிக்கொள்வார். பதினாறு ஆண்டுகள் அந்த உறுதி அவரை விட்டு அசையவில்லை.

அவருடைய கணவர் அணைக்குக் கீழேயுள்ள குடிநீர் நிலையத்தில் பம்ப் இயக்குபவர். நிலையத்தின் பின்சுவரை ஒட்டியே இருவருக்கும் இரண்டு அறை கொண்ட வீடு. பம்புகள் ஓடும்போது, அடுப்பு மேடையில் வைத்த தம்ளர் நீரில் வட்டம் வட்டமாக நடுக்கம் பரவும். அந்த இரைச்சல் இருக்கும்வரை இருவரும் நிம்மதியாக உறங்குவார்கள். நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்பார்கள். கணவர் கேலிக்காரர். வந்தவர்களிடமெல்லாம், "என் பொண்டாட்டி ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தண்ணியப் பாப்பா, ஒரு தடவ என்னைப் பாப்பா. ரெண்டைப் பத்தியும் 'குறைஞ்சிருக்கு'ன்னுதான் எழுதுவா" என்பார். அளவுக்காரம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே, "தண்ணி மழை பெஞ்சா ஏறிடும். உங்களுக்கு எந்த மழை பெய்யணுமோ தெரியல" என்று பதில் சொல்வார்.

வரைபடத்தில் அது நீர்த்தேக்கம், பேச்சில் ஏரி. நீளம் பதினைந்து கிலோமீட்டர். அணையின் பக்கம் ஆழம். மறுகோடியில் நீர் மெல்லிய துணி விரித்தாற்போலக் கிடக்கும். கோடையில் நீர் வடிய வடிய, மறுகோடியில் மொட்டைத் திட்டு ஒன்று எழும். மணலும் சரளையும் அன்றி அதில் ஒரு புல்லும் கிடையாது. அந்தத் திட்டுக்கு அளவுக்காரம்மா முதன்முதலாகப் போனது வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில். அழைத்துப் போனவர் அவருடைய கொழுந்தனார், கணவரின் தம்பி. வலை வீசிப் பிழைப்பவர். பிடித்தால் பிடி கொடுக்காமல் நழுவுகிற பேச்சுக்காரர் என்பதால் கெண்டை என்று பெயரெடுத்தவர்.

படகிலிருந்து இறங்கி நாலடி வைத்ததும் கெண்டை கத்தினார்.

"அண்ணி, அப்படியே நில்லுங்க! இன்னொரு கால் வச்சீங்கன்னா ஒரு குடும்பம் போச்சு."

"என்னப்பா, வெறும் கல்லுதானே கிடக்குது."

"கல்லா? உங்க செருப்புக்கு முன்னாடி பாருங்க."

குனிந்து பார்த்தார். சரளையில் கையளவு குழிவு. அதில் கல்லைக் காட்டிலும் கல்லாகத் தோன்றிய மூன்று முட்டைகள். சுள்ளி இல்லை, சருகு இல்லை, மறைப்பு இல்லை. வெயிலுக்கும் வானுக்கும் முன் திறந்து வைத்த வாழ்வு. பக்கத்தில் இன்னொரு குழிவு, அதற்கப்பால் மற்றொன்று. பார்வை பழகப் பழகத் திட்டு முழுவதும் முட்டைகளாக மலர்ந்தது. அவற்றுக்கிடையே இருந்த சாம்பல் நிறக் கல்லொன்று கண் திறந்து அவரைப் பார்த்தது. நேற்றுப் பொரித்த குஞ்சு! அந்தக் கணத்தில் தலைக்குமேல் வானமே கிழிந்தாற்போல் ஓசை எழுந்தது. கருந்தொப்பியும் மஞ்சள் அலகும் பிளந்த வாலும் கொண்ட ஆலாக்கள், நூறோ இருநூறோ, வெண்சிறகுகள் மின்ன அவரைச் சூழ்ந்து சுழன்றன. கைப்பிடிக்குள் அடங்கும் உயிர்கள் தம்மைவிட ஆயிரம் மடங்கு பெரிய ஒருத்தியை எதிர்த்து நின்றன. அளவுக்காரம்மாவுக்கு அச்சம் தோன்றவில்லை. கோயில் கதவு திறக்கையில் கூட்டத்தின் நடுவே நிற்பவர்க்கு வரும் மெய்சிலிர்ப்பு வந்தது. வாய் தானாகவே "மன்னிச்சுக்கோங்க" என்றது. வந்த தடத்திலேயே பின்வாங்கிப் படகில் ஏறினார்.

திரும்பும் வழியில் கெண்டை ஒரு செய்தி சொன்னார். திட்டுக்கும் கரைக்கும் நடுவில், நீருக்கடியில் ஒரு மேடு இருக்கிறது. வலைக்காரர்கள் அதை முதுகு என்பார்கள். நீர் மிகவும் வடிந்த ஆண்டுகளில் முதுகு வெளியே தெரியும். அப்போது கரையோரக் குப்பைமேட்டு நாய்கள் அதன்மேல் நடந்து திட்டுக்குப் போகும். மறுநாள் திட்டில் ஒரு குஞ்சும் இருக்காது.

அன்று தொடங்கியது அவருடைய இரண்டாவது அளவெடுப்பு. யாரும் கேட்கவில்லை, எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. பதிவேட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதலானார். பலகை எத்தனை காட்டியபோது முட்டை வைத்தன, எத்தனை காட்டியபோது பொரித்தன, முதுகின்மேல் எவ்வளவு நீர் நின்றது. கோடைதோறும் வாரம் ஒருமுறை கெண்டையின் படகில் போய், திட்டில் கால் வைக்காமல், முதுகின்மேல் கழியை ஊன்றிப் பார்ப்பார். பதின்மூன்று கோடைகளின் முடிவு ஒன்றே. பலகை பதினான்கு அடி காட்டும்போது முதுகின்மேல் ஓரடி நீர் நிற்கும். நாயின் வயிறு நனையும் ஆழம். அடியில் வைத்த காலை விடாத சேறு. குறுக்கே இருநூறு தப்படி. அந்த நிலையில் எந்த நாயும் இறங்கியதில்லை.

நான் சொல்ல வந்த கோடையில் அணைச்சுவரின் உட்புறத்தில் விரிசல் கண்டது. நீரை வடித்துச் சுவரைப் பூச வேண்டும் என்று உத்தரவு வந்தது. பொறியாளர் முப்பது வயதைத் தாண்டாதவர். சுறுசுறுப்பும் கோபமும் சமமாக உள்ளவர். அவருடைய மேசையின்மேல் பதிவேட்டை விரித்து வைத்து அளவுக்காரம்மா நின்றார்.

"பதினாலுக்குக் கீழ இறக்கக்கூடாதா? எத்தன நாளைக்கும்மா?"

"இருபத்தாறு நாள் சார். குஞ்செல்லாம் பறக்கிற வரைக்கும்."

"பதினாலுக்கு மேல ஏறினா கொத்தனாருங்க பூசுற எடம் நனையுது. கீழ இறங்கினா உங்க பறவைய நாய் தின்னுடுது. தண்ணிய என்ன, நூல் புடிச்சா நிறுத்த முடியும்?"

"நூலை நான் புடிக்கிறேன் சார். மதகுக்கு நீங்க உத்தரவு குடுங்க."

"மேல கேட்டா என்ன சொல்றது? பாவமா இருந்துச்சுன்னா?"

"பதிமூணு வருஷக் கணக்கு ஓரத்துல இருக்கு சார். அதச் சொல்லுங்க."

பொறியாளர் பக்கங்களைப் புரட்டினார். முதலில் அலட்சியமாக, பிறகு நிதானமாக, பிறகு நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு. தேநீர் ஆறிப்போனது. கடைசியில், "இத்தன நாளா இதை ஏன் யாருக்கும் காட்டல?" என்றார்.

"யாரும் ஓரத்தைப் பாக்கல சார்."

சுவரின் மேற்பகுதியை முதலில் பூசுவது, இருபத்தாறு நாள் கழித்து மீதியை வடிப்பது என்று முடிவாயிற்று. மேலிடத்துக்குப் போன கடிதத்தின் அடியில், 'பலகை பதினான்கு அடி காட்டும்வரை திட்டு கரையோடு சேராது' என்ற வரிக்குக் கீழே அளவுக்காரம்மா கையெழுத்திட்டார். அந்த வாரம் திட்டில் இருந்த குஞ்சுகள் இருநூற்றுக்கும் மேல்.

முதல் எட்டு நாள் அவர் சொன்ன சொல்லை ஏரி காத்தது. மேலிருந்து வரும் ஓடையின் வரத்தும் நகரத்துக்குப் போகும் நீரும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. எஞ்சியதை மதகின் சக்கரத்தை அரைச்சுற்று, கால்சுற்று திருப்பிச் சரிசெய்தார். ஒன்பதாம் நாள் காலை, மறுகோடியிலிருந்து அணையை நோக்கிக் காற்று கிளம்பியது. ஓயாத காற்று, துணிக்கொடியில் ஒன்றையும் விட்டுவைக்காத காற்று.

அன்று மாலை பலகை இரண்டு அங்குலம் கூடுதலாகக் காட்டியது. பத்தாம் நாள் காலை மேலும் மூன்று. சாரத்தில் நின்ற கொத்தனார் கூவினார்.

"அளவுக்காரம்மா! உங்க ஏரி எங்க கலவைய நக்குது. கொஞ்சம் அதட்டி வைங்க!"

அளவுக்காரம்மா பத்து உச்சிகளையும் பத்துப் பள்ளங்களையும் எண்ணினார். தவறில்லை. மறுபடி எண்ணினார். அதே எண். காற்றோடு மலைப்பக்கம் மழையும் வந்திருக்கும், ஓடையில் வரத்துக் கூடியிருக்கும் என்று தேறினார். பொறியாளரிடம் சொல்லி மதகை நன்றாகத் திறந்தார். ஒரு பகலும் ஓர் இரவும் திறந்த மதகு திறந்தபடி இருந்தது. பதினோராம் நாள் காலை எட்டு மணிக்குப் பலகை பதினான்கு அடியை அச்சடித்தாற்போல் காட்டியது. நிறைவோடு சக்கரத்தைத் திருப்பி மூடினார்.

பத்து மணிக்குக் கெண்டையின் மோட்டார் சைக்கிள் அணைமேல் வந்து நின்றது.

"அண்ணி, உங்க ஆலாத் திட்டு கரையோட ஒட்டிக்கிச்சு."

"காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா? பலகை பதினாலு."

"பலகை என்னமோ சொல்லிட்டுப் போகட்டும். நான் முதுகு மேல நடந்து வந்தேன். கணுக்காலுக்குச் சேறுதான், தண்ணி இல்ல."

"வேற ஏதாவது மேட்டுல நடந்திருப்ப. நேத்து வலை விட்ட எடமே உனக்கு இன்னைக்குத் தெரியாது."

"பதிமூணு வருஷமா உங்கள அங்க கூட்டிட்டுப் போனது யாரு? உங்க பலகையா?"

அளவுக்காரம்மா வண்டியின் பின்னால் ஏறினார். கரைச்சாலை நெடுகக் காற்று முகத்தில் அறைந்தது. வழியெல்லாம் தம் இருபது அலைகளை மனத்துக்குள் மீண்டும் எண்ணிக்கொண்டே வந்தார்.

மறுகோடியில் இறங்கியவர் சற்றுநேரம் எதையும் நம்பவில்லை. கட்டி வைத்த படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. கரைக்கற்களில் ஒரு சாண் உயரத்துக்கு ஈரப்பட்டை. அதற்குக் கீழே நீர் இல்லை. முதுகு கரையிலிருந்து திட்டுவரை கரிய மினுக்கத்தோடு நீண்டு கிடந்தது, நீருக்குள் இருந்த பெரிய விலங்கு ஒன்று வெளியே வந்து படுத்தாற்போல. அதன்மேல் நாய்களின் காலடிகள், போனதும் வந்ததும். திட்டின் இந்தப் பக்க ஓரத்தில் சரளை கலைந்து வெண்சிறகுகள் ஒட்டிக் கிடந்தன. தலைக்குமேல் ஆலாக்கள் ஓயாமல் அலறின.

"எத்தன?" என்று கேட்டார்.

"இந்த ஓரத்துல ஒரு முப்பது இருக்கும். ஏழு நாய். நான் கல்லெடுத்து விரட்டுனேன். திரும்ப வரும் அண்ணி. ருசி கண்டாச்சு."

அளவுக்காரம்மா காற்றின் பக்கம் முதுகைத் திருப்பி, அணை இருக்கும் திசையைப் பார்த்தார். பதினைந்து கிலோமீட்டர் நீர். அந்தக் கோடியில் கொத்தனார்களின் கலவையை நனைத்த நீர். இந்தக் கோடியில் படகுகளைக் கைவிட்ட நீர். பலகையும் பொய் சொல்லவில்லை, முதுகும் பொய் சொல்லவில்லை. அப்போது அவருக்கு விளங்கியது. கையில் ஏந்திய தாம்பாளத்தைச் சற்றே சாய்த்தால் நீர் ஒருபக்கம் சேர்வதுபோல, மூன்று நாள் ஓயாத காற்று இந்தப் பேரேரியையே தள்ளி அணையின்மேல் சாய்த்து வைத்திருந்தது. காற்றின் அலையை அவர் எண்ணினார். காற்றின் கை ஏரி முழுவதற்கும் கீழே இருந்ததை எண்ணவில்லை. அங்கே மிகுந்து தெரிந்த ஐந்து அங்குலம் மழையின் வரவன்று, இங்கிருந்து போன நீர். அதை வரவென்று நம்பி வெளியே விட்டவர் அவர்தாம்.

உள்ளே எழுந்ததில் தவறு செய்தவரின் பதைப்பு பாதி. மலைபோன்ற ஒன்று தம் கண்முன்னே அசைந்ததைப் பதினாறு ஆண்டு அருகிலிருந்தும் அறியாமற்போனவரின் திகைப்பு மறுபாதி. கைகள் தாமாகக் குவிந்தன. பிறகு குவித்த கைகளைப் பிரித்துத் தொலைபேசியை எடுத்தார்.

"சார், தப்பு பண்ணிட்டேன். தண்ணி ஏறல. காத்து தள்ளிக் குடுத்துச்சு. இருந்த தண்ணிய நான் வெளிய விட்டுட்டேன்."

மறுமுனையில் பொறியாளர் கோப்பைப் புரட்டும் ஓசை கேட்டது. பிறகு, "கடிதத்துல இருக்கிறது உங்க கையெழுத்தும்மா. தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதுக்கு அப்புறமா பதில் சொல்றேன். இப்ப மதகு ஒரு சொட்டு விடக்கூடாது. ஊருக்குப் போற தண்ணியவும் கொஞ்சம் கொறைக்கணும். குஞ்சு பறக்க இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு."

பதினைந்து நாள், நூற்றெண்பது குஞ்சுகள், நடந்தே போகக்கூடிய வழி, ருசி கண்ட ஏழு நாய்கள். காற்று நின்றால் நீர் திரும்பும். ஆனால் வெளியே விட்ட ஐந்து அங்குலம் திரும்பாது. நீர் காக்காத இடத்தை வேறு ஏதாவது காக்க வேண்டும்.

வழி சொன்னவர் கெண்டை. ஏரி நிறைந்த காலத்தில் ஆறு பேர் சேர்ந்து இழுக்கும் பெருவலை ஒன்று கொட்டகையில் கிடந்தது. விரல் பருமனுள்ள கயிறு. கையை விட்டு எடுக்கக்கூடிய கண்கள். பறவை சிக்காது, நாய் நுழையாது. அதை முதுகின் குறுக்கே வேலியாகக் கட்டலாம் என்றார். மற்ற வலைக்காரர்கள் தயங்கினார்கள். அவர்களில் மூத்தவர் பீடியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டே சொன்னார்:

"நல்லாருக்குடா. நம்ம மீனத் திங்கிற கூட்டத்துக்கு நம்ம வலையே வேலியா?"

"ஆலா எங்க குதிக்குதோ அங்கதான நீ வலைய விடுற?" என்றார் கெண்டை. "இத்தன வருஷமா ஓசியில மீன் இருக்கிற எடத்தக் காட்டுச்சே, அதுக்கு என்ன குடுத்த?"

மூத்தவர் பீடியை அணைத்துக் காதில் செருகினார். "மூங்கில் யாரு வெட்டுறது?"

நண்பகல் முதல் மாலைவரை சேற்றில் நின்று ஒன்பது பேர் உழைத்தார்கள். மூங்கிலை அறைந்தால் காற்று சாய்த்தது. வலையைக் கட்டினால் பாய்மரம்போல் உப்பி மூங்கிலையே பிடுங்கியது. கடைசியில் வலையின் அடியோரத்தைச் சேற்றில் புதைத்துக் கல் ஏற்றினார்கள். மேலோரத்தை இடுப்பளவுக்குத் தணித்தார்கள். அளவுக்காரம்மா புடவையைச் செருகிக்கொண்டு கல் சுமந்தார். ஆலாக்கள் உதவியையும் பகையையும் பிரித்தறியவில்லை. எல்லாரையும் ஒரேபோலக் கொத்த வந்தன. பிற்பகலில் பொறியாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். வந்த வேகத்தில் முதுகின் நடுவரை நடந்தவர் திட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கடிதத்தில் எண்ணாக மட்டும் பார்த்திருந்தவை, அவர் முகத்துக்கு இரண்டு முழத்தில் சிறகடித்துக்கொண்டு நின்றன. ஒன்று அவருடைய தலைக்கவசத்தின்மேல் வெள்ளையாகத் தன் கருத்தைத் தெரிவித்துப் போயிற்று.

"உங்க கோப்புல முத்திரை குத்தியாச்சு சார்" என்றார் கெண்டை.

பொறியாளர் சிரித்துவிட்டார். பிறகு அளவுக்காரம்மாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார்.

"உங்க எண்ணிக்கை தப்பில்ல. பலகையும் தப்பில்ல. அப்ப மேல என்னன்னு எழுதட்டும்?"

"அளவெடுக்கிறவ ஒரு எடத்துல நின்னுக்கிட்டு முழு ஏரியையும் பாத்துட்டேன்னு நெனச்சிட்டா. அப்படியே எழுதுங்க சார்."

"அப்படியெல்லாம் எழுதினா புரியாது."

"அப்ப அளவெடுக்கிறவ தப்புன்னு எழுதுங்க. அது எல்லாருக்கும் புரியும்."

மாலை வெயிலில் நாய்கள் வந்தன. முன்னால் வந்த செம்பழுப்பு நாய் வலையை முகர்ந்தது, காலால் தட்டியது, ஓரமாக ஓடி வழி தேடியது. வலையின் இரு முனைகளும் நீருக்குள் இருபதடி சென்றிருந்தன. சேற்றில் மார்புவரை புதைந்து, தும்மிக்கொண்டு திரும்பியது. மற்றவை கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தன.

மறுநாள் விடியற்காலை அளவுக்காரம்மா கணவரோடு மறுகோடிக்கு வந்தார். வரும்போதே காற்றில் ஒரு தளர்ச்சி தெரிந்தது. கிழக்கு வெளுக்கும் நேரத்தில், பேசிக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று வாய் மூடியதுபோலக் காற்று நின்றது. இருவரும் கரைக்கல்லில் அமர்ந்திருந்தார்கள்.

"அங்க பாரு" என்றார் கணவர். கேலி பேசும் குரல் அன்று அவரிடம் இல்லை.

நீர் வந்துகொண்டிருந்தது. அலையாக வரவில்லை; ஓசையோடு வரவில்லை. பதினைந்து கிலோமீட்டர் ஏரி, தன்னைத் தாங்கியிருந்த கை விலகியதும், தன் இடத்துக்குத் தானே திரும்பியது. கண்ணாடிபோன்ற மெல்லிய விளிம்பு சேற்றின்மேல் விரல் விரலாக நகர்ந்தது. நாய்களின் காலடிப் பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. ஒவ்வொன்றிலும் விடியல் வானத்தின் துண்டு ஒன்று தெரிந்தது. அடுத்த கணம் எல்லாத் துண்டுகளும் ஒரே வானமாகக் கலந்தன. நீரோடு ஊசிபோன்ற மீன்குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக வந்தன. சாய்ந்து கிடந்த படகுகள் முனகிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்தன. முதுகு இருந்த இடம் தெரியவில்லை. நீருக்குமேல் இடுப்பளவு வலை மட்டும், எழுதி முடித்த வரியின் அடிக்கோடுபோல நின்றது. எங்கோ இருந்து முதல் ஆலா எழுந்து, செங்குத்தாகத் தலைகீழாய்ப் பாய்ந்து, அப்போதுதான் வந்துசேர்ந்த நீரிலிருந்து அப்போதுதான் வந்துசேர்ந்த மீன் ஒன்றை எடுத்துக்கொண்டு திட்டுக்குப் பறந்தது.

அளவுக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. யாருக்காகவும் எழுதப்படாத இந்தப் பெருங்காரியம், மனிதர் பார்த்தாலும் பாராவிட்டாலும், படைத்தவன் கண்முன்னே காற்று நிற்கும் நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது. அவர் பார்க்க நேர்ந்தது ஒருமுறை.

"ஏழு அங்குலம் வந்திருக்கும்" என்றார் மெதுவாக.

"பலகை இல்லாமலேவா?"

"கழி வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

கழி ஏழு காட்டியது. ஏழு அங்குலம் போதாது. ஆகையால் வலை நின்றது. வலைக்காரர்கள் முறைவைத்து நாள்தோறும் அதை நிமிர்த்தினார்கள். நாய்கள் இருமுறை வந்து திரும்பிப் போயின. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அளவுக்காரம்மா இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். பதிலாக ஒரு கண்டிப்புக் கடிதமும், அதே உறையில் மறுகோடியிலும் ஓர் அளவுப் பலகை நிறுவ அனுமதியும் வந்தன. கண்டிப்பைப் பெட்டியில் வைத்தார். பலகைக்கு வண்ணம் அடிக்கும்போது தாமே கூட நின்றார். அன்று முதல் இரு கோடிகளிலும் இருபது இருபது அலைகள் எண்ணப்பட்டன. மறுகோடிக்குக் கெண்டைதான் ஆள். "எண்ணுறப்ப யாராவது பேசினா மறந்துடுது அண்ணி" என்று முதல் வாரம் முழுதும் புலம்பினார். "அப்ப முதல்ல நீ வாய மூடு" என்றார் அளவுக்காரம்மா.

குஞ்சுகள் வளர்ந்தன. கல்லாயிருந்தவை காலூன்றி நின்றன. சிறகு விரித்துக் காற்றை முகர்ந்தன. திட்டின் ஓரத்திலிருந்து தாவி விழுந்து, மறுபடி தாவின. ஒருநாள் ஒரு குஞ்சு தாய்போலவே தலைகீழாகப் பாய்ந்து மீனுக்குப் பதில் ஒரு சருகை எடுத்து வந்தது. அதைத் திட்டு முழுதும் பெருமையாகச் சுமந்து திரிந்தது. குறித்த நாள் வந்தும் இரண்டு குஞ்சுகள் எழும்பவில்லை. பொறியாளர் காத்திருந்தார். இருபத்தெட்டாம் நாள் காலை மறுகோடியிலிருந்து கெண்டையின் அழைப்பு வந்தது. அதன்பின் அளவுக்காரம்மா மதகுமேடையில் ஏறிச் சக்கரத்தில் கை வைத்தார். கீழே கொத்தனார்கள் கலவை குழைத்துத் தயாராக நின்றார்கள்.

"திறந்துடலாமாம்மா? திட்டுல யாராவது இருக்காங்களா?" என்று பொறியாளர் கீழிருந்து கேட்டார்.

அளவுக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். அணையின் உயரத்துக்கும் மேலே, வெண்சிறகுகள் வெயிலில் ஒளிர, இளையதும் மூத்ததும் பிரித்தறிய முடியாதபடி வட்டமிட்டன.

"யாரும் இல்ல சார். எல்லாரும் மேல இருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினார்.